ரவுட்டரை மாத்துறதுக்கு முன்னாடி: வீட்டு நெட்வொர்க்கை கண்ணி கண்ணியா பிரிச்சுப் பார்த்த அனுபவம்

எங்க வீட்ல ஒரு மாசமா சாயங்காலம் ஆனா நெட் விழுந்துட்டே இருந்துச்சு. பகல் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது, ராத்திரி 8 மணி தாண்டுச்சுன்னா வீடியோ கால்ல பேசுறவங்க முகம் அப்படியே உறைஞ்சு நிக்கும், ரெண்டு நிமிஷம் எதுலயும் எதுவும் வராது, அப்புறம் தானா வந்துடும். மாடியில இருந்து தங்கச்சி "அண்ணா, திரும்பப் போச்சு"ன்னு குரல் கொடுப்பா, நான் போய் ரவுட்டர் பிளக்கை உருவி பத்து எண்ணிட்டு திரும்ப மாட்டுவேன், கொஞ்ச நேரம் ஓடும். யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான், ரவுட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடு. எனக்கு மனசு ஒப்பல. எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம ஒரு பொருளை மாத்தினா, பழுது வேற இடத்துல இருந்தா புது ரவுட்டரும் இதே மாதிரிதான் விழும். அதனால உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியா பிரிச்சுப் பார்த்தேன், மூணு வாரம் சனி ஞாயிறு அதுலயே போச்சு. கடைசியில பார்த்தா ஒண்ணு மேல ஒண்ணா நாலு பழுது இருந்துச்சு, ரவுட்டர்ல மட்டும் எதுவும் இல்ல.

முதல்ல எங்க வீட்டு அமைப்பைச் சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி புரியாது. வெளிய இருந்து ஃபைபர் வந்து ஏறுற டப்பா ஒண்ணு, அதாவது ஓஎன்டி. அது பிரிட்ஜ் மோட்ல இருக்கு, அதாவது தானா ரவுட்டர் வேலை பார்க்காம வர்றதை அப்படியே கடத்தி விடும், அதுல இருந்து ஒரு கேபிள் என் ரவுட்டரோட வேன் போர்ட்டுக்கு, அதாவது வெளி லைன் ஏறுற ஓட்டைக்குப் போகுது. வீட்டுப் பக்கம் இருக்கிற ஓட்டை லேன் போர்ட், அதுல ஒண்ணுல இருந்து 8 போர்ட் ஸ்விட்ச், ஒரு கேபிளைப் பலதா பிரிக்கிற டப்பா, சாதாரண அன்மேனேஜ்ட் ஸ்விட்ச்தான், செட்டிங் பேஜ் எதுவும் கிடையாது. ஸ்விட்ச்ல இருந்து டிவிக்கு ஒண்ணு, என் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, மாடிக்கு சுவத்துக்குள்ள ரெண்டு. மாடியில பழைய ரவுட்டர் ஒண்ணு ஆக்சஸ் பாயிண்டா, அதாவது வைஃபை மட்டும் பரப்புற டப்பாவா வேலை செய்யுது. ரவுட்டர் யூஎஸ்பியில ஒரு ஹார்ட் டிஸ்க், வீட்டுல எல்லார் போட்டோவும் தினமும் அதுல பேக்கப் ஆகும், அப்படியே நெட் வழியா வெளியயும் ஏறும்.

"நெட் இல்ல"ங்கிறது ஒரே வார்த்தையா இருந்தாலும் அதுக்குள்ள நாலஞ்சு விதமான பழுது ஒளிஞ்சிருக்கு. வைஃபை விட்டுப்போச்சா, வீட்டுக்குள்ளயே கேபிள் விட்டுப்போச்சா, ரவுட்டர் செத்துச்சா, வெளிய லைன் போச்சா, இல்ல சைட் பேரை நம்பர் அட்ரஸா மாத்திக் கொடுக்கிற டிஎன்எஸ் மட்டும் பதில் சொல்லலையா, இது எதுவா இருந்தாலும் பிரவுசர்ல தெரியுறது அதே பக்கம்தான். அதனால நான் முதல்ல செஞ்ச வேலை, கேபிள்ல இணைஞ்ச என் கம்ப்யூட்டர்ல மூணு ஜன்னல் திறந்து மூணு பிங்கை, அதாவது எதிர்ல இருக்கிறது பதில் சொல்லுதான்னு கேட்டுட்டே இருக்கிற சோதனையை, ஒரே நேரத்துல ஓட விட்டது. ஒண்ணு ரவுட்டருக்கு, 192.168.1.1. ரெண்டாவது லைன் கொடுக்கிறவங்களோட முதல் கேட்வேக்கு, அதாவது அவங்க பக்கத்து முதல் வாசலுக்கு, போற பாதையை வரிசையா காட்டுற டிரேஸ்ரூட் போட்டா ரவுட்டருக்கு அடுத்த வரியில வர்ற அட்ரஸ் அது. மூணாவது 1.1.1.1, வெளி இணையத்துல இருக்கிற ஒரு பொது சர்வர். ஒவ்வொரு வரியிலயும் நேரம் விழுற மாதிரி ஃபைல்ல எழுத விட்டுட்டு தூங்கப் போயிட்டேன். டிஎன்எஸ்ஸை சேர்க்காம நம்பருக்கே பிங் போடுறது முக்கியம், பேருக்குப் போட்டா எது விழுந்துச்சுன்னு குழம்பிடும்.

காலையில ஃபைலைப் பார்த்ததும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. 8.14க்கும் 9.40க்கும் ரெண்டு தடவை விழுந்திருக்கு, ரெண்டு தடவையும் மூணு பிங்கும் ஒரே நொடியில செத்திருக்கு. வெளி லைன் போயிருந்தா ரவுட்டர் பிங் நிக்கக் கூடாது. நின்னிருக்கு, அதுவும் கேபிள்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல. ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜைத் திறந்தா அப்டைம், அதாவது கடைசியா ஆன் ஆனதுல இருந்து ஓடின நேரம், பத்து மணி நேரம் சொச்சம்னு காட்டுச்சு, கழிச்சுப் பார்த்தா 9.40க்குப் பக்கத்துல வந்து நிக்குது. ரவுட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகியிருக்கு. அப்போ ஒரு மாசமா லைன்காரங்களைக் கூப்பிட்டு கம்ப்ளெயின்ட் கொடுத்ததெல்லாம் தப்பான கதவைத் தட்டின மாதிரி. அப்டைம்னு ஒரு வரி பெரும்பாலான ரவுட்டர்ல இருக்கும், நெட் விழுந்தா நீங்க முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

ரவுட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுதுன்னா மூணு காரணம் இருக்கலாம், சூடு, ஃபர்ம்வேர்ங்கிற உள் மென்பொருள், கரண்ட். சூடு பார்த்தேன், மேல எதுவும் அடுக்கி வைக்கல, காத்து போகுது, கை வச்சா வெதுவெதுப்புதான். ஃபர்ம்வேர் ஆறு மாசமா அதேதான், திடீர்னு ஒரு மாசத்துல மாற அதுல ஒண்ணும் இல்ல. மிச்சம் அடாப்டர். மல்டிமீட்டர் வச்சு பார்த்தேன், 12.2 வோல்ட், அழகா இருந்துச்சு. நிறைய பேர் இந்த இடத்துல அடாப்டர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணி அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க, நானும் கிட்டத்தட்ட போயிருப்பேன். ஆனா எதுவும் மாட்டாம சும்மா இருக்கும்போது அளக்கிற வோல்ட்டுக்கு அர்த்தம் கம்மி, லோடு ஏறும்போது அது தாங்குதான்னு பார்க்கணும். அதனால ஒரு டிசி எக்ஸ்டென்ஷன் ஒயர் எடுத்து நடுவுல ரெண்டு கம்பியோட உறையையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி சீவி, அடாப்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல மாட்டி, ரவுட்டர் ஓடும்போதே மீட்டர் வச்சேன். ஆரம்பத்துல 11.7. என் மீட்டர்ல Min/Maxனு ஒரு பட்டன் இருக்கு, அது நடுவுல விழுந்த ஆகக் குறைஞ்ச வோல்ட்டைப் பிடிச்சு வச்சுக்கும், அதை அழுத்தி விட்டுட்டு ராத்திரி வரைக்கும் அப்படியே வச்சேன். 8 மணிக்கு போட்டோ பேக்கப் ஆரம்பிச்சு ஹார்ட் டிஸ்க் சுத்த ஆரம்பிச்ச நிமிஷம் மீட்டர் 9.3ன்னு பிடிச்சிருந்துச்சு, ரவுட்டர் லைட் எல்லாம் அணைஞ்சு திரும்ப எரியுது. சாயங்காலம் மட்டும் ஏன் விழுதுங்கிற கேள்விக்கு பதில் அதுதான், எல்லாரும் வீட்டுக்கு வந்து வைஃபை ரெண்டு ரேடியோவும் முழுசா வேலை செய்யுற நேரத்துல டிஸ்க்கும் சேர்ந்து கரண்ட் இழுக்குது, வயசான அடாப்டரால கொடுக்க முடியல. உள்ள இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வருஷக்கணக்கா சூட்டுல காய்ஞ்சு போறதுதான் இதுக்கு வழக்கமான காரணம். இதுக்காக அடாப்டரைத் திறக்காதீங்க, மெயின்ஸ் பக்கத்துல இருக்கிற பெரிய கெபாசிட்டர் பிளக்கை உருவின பிறகும் சார்ஜ் வச்சிருக்கும், கையில அடிச்சா சாதாரண அடியா இருக்காது.

புது அடாப்டர் எடுக்கும்போது வோல்ட் அதே இருக்கணும், ஆம்ப் அதே அல்லது அதிகம் இருக்கலாம், நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸாங்கிறது லேபிள்ல இருக்கிற சின்ன வட்டப் படத்துல தெரியும். இன்னொண்ணு, பின்னோட அளவு. வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர்னு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனா உள் ஓட்டை 2.1ன்னு ஒண்ணு, 2.5ன்னு ஒண்ணு. 2.1 ஜாக்ல 2.5 பிளக்கைச் சொருகினா போயிடும், வேலையும் செய்யும், ஆனா தொட்டும் தொடாம நிக்கும், மேஜையை யாராவது இடிச்சா ரவுட்டர் ரீஸ்டார்ட். பழைய பழுதையே புது ரூபத்துல திரும்ப வாங்கிட்டு வந்த மாதிரி ஆயிடும். ஹார்ட் டிஸ்க்கையும் தனி பவர் இருக்கிற யூஎஸ்பி ஹப்புக்கு மாத்திட்டேன். அதுக்கப்புறம் ரவுட்டர் ஒரு தடவைகூட தானா ரீஸ்டார்ட் ஆகல.

முடிஞ்சதுன்னு நினைச்சேன், ஆனா மாடியில இன்னும் மெதுவாத்தான் இருந்துச்சு. தங்கச்சி ரூம்ல ஸ்பீடு 90ஐத் தாண்டல, சில நேரம் லிங்க்கே விட்டு விட்டு வந்துச்சு. 90க்கு மேல போகலன்னா உடனே கேபிளைச் சந்தேகப்படுங்க, அது 100 எம்பிபிஎஸ் லிங்க்கோட அடையாளம். நெட்வொர்க் கேபிள்ல எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்க்கு 1, 2, 3, 6ன்னு ரெண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். ஒரு கம்பி தொடர்பு விட்டாலும் ரெண்டு பக்கமும் கிகாபிட்னு பேசி ஆரம்பிச்சு, முடியாம, 100க்கு இறங்கிடும், சில டிவைஸ் இறங்கத் தெரியாம லிங்க் வந்து வந்து போகும். என் ஸ்விட்ச்ல கிகாபிட்டுனா பச்சை, 100னா ஆரஞ்சு, மாடி போர்ட் காலையில பச்சையாவும் மத்தியானம் ஆரஞ்சாவும் மாறி மாறி இருந்துச்சு.

கேபிள் டெஸ்டர் ரெண்டு பக்கமும் மாட்டினேன். 1ல இருந்து 8 வரைக்கும் எல்லா லைட்டும் வரிசையா எரியுது, ஒண்ணுகூட தப்பல. இங்கதான் எனக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு. டெஸ்டர் நல்லா இருக்குன்னு சொல்லுது, லிங்க் 1000னு காட்டுற நேரத்துல வேகத்தை அளக்கிற ஐபெர்ஃப் போட்டா 200ம் வரல, தொலைஞ்சதைத் திரும்ப அனுப்புற ரீட்ரான்ஸ்மிட் எண்ணிக்கை ஆயிரக்கணக்குல எகிறுது. ஸ்விட்ச்சை மாத்திப் பார்த்தேன், போர்ட்டை மாத்திப் பார்த்தேன். கடைசியில கேபிள் நுனியில அழுத்தி மாட்டின, அதாவது கிரிம்ப் பண்ணின, ஆர்ஜே45 தலையை ஜன்னல் வெளிச்சத்துல கண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. முன்னாடி யாரோ கேபிள் இழுத்தவங்க கம்பிகளை ஜோடி ஜோடியா அப்படியே வரிசையா சொருகியிருக்காங்க, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன்னு. ரெண்டு பக்கமும் அதே வரிசை, அதனால 1 போய் 1லதான் சேருது, 8 போய் 8லதான் சேருது, டெஸ்டர் சந்தோஷமா எல்லாத்தையும் எரிய விட்டுடுது. ஆனா 3ம் 6ம் ஒரே ஜோடியா முறுக்கின கம்பியா இருக்கணும். இந்த வரிசையில 3 பச்சை ஜோடியில இருந்து வருது, 6 நீல ஜோடியில இருந்து வருது. ஒரே சிக்னலோட ரெண்டு பாதியும் வேற வேற முறுக்குல போனா, முறுக்கோட பலனே போச்சு. ஒண்ணோட ஒண்ணு முறுக்கி வச்சிருக்கிறதே வெளிச் சத்தம் ரெண்டு கம்பியிலயும் சமமா விழணும், முடிவுல கழிச்சா அடிபட்டுப் போகணும்னுதான். முறுக்கு பிரிஞ்சா பக்கத்து ஜோடியோட சத்தம் உள்ள வந்துடும். இதை ஸ்பிளிட் பேர்னு சொல்லுவாங்க. சாதாரண லைட் டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, அது கம்பி தொடருதான்னு மட்டும்தான் பார்க்கும்.

சரியான வரிசை, 568பிங்கிற தரப்படி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு காலும் இந்தப் பக்கம் ஒரு காலும் வச்சு நிக்குது பாருங்க, அந்த ஒரு இடத்துலதான் விஷயமே இருக்கு. ரெண்டு தலையையும் வெட்டி எறிஞ்சுட்டு திரும்ப கிரிம்ப் பண்ணேன். முறுக்கைப் பிரிக்கிறது 13 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, கம்பிகளை நேரா நீவி, ஒரே மட்டமா வெட்டி, சொருகினதும் கனெக்டர் மூக்குல எட்டு செம்பு முனையும் தெரியுதான்னு பார்த்து, வெளி உறை கனெக்டருக்குள்ள நுழைஞ்சு அந்த பிளாஸ்டிக் நாக்கு உறையையே கவ்வுற மாதிரி வச்சு அழுத்தணும். கம்பியை மட்டும் கவ்வினா இழுக்கும்போது வந்துடும். சுவத்துக்குள்ள போற கேபிள் ஒத்தைக் கம்பி, மேஜையில ஓடுற பேட்ச் கார்ட் நூல் நூலா இருக்கிற கம்பி, ரெண்டுக்கும் கனெக்டரோட பல் வேற வேற மாதிரி இருக்கும், பார்த்து எடுங்க. முடிச்சுட்டு ஐபெர்ஃப் போட்டேன், 941 எம்பிபிஎஸ். கிகாபிட் லிங்க்ல ஹெடர் எல்லாம் போக மிஞ்சுறது அவ்வளவுதான், அந்த நம்பரைப் பார்த்தா கேபிள் சுத்தமா இருக்குன்னு நிம்மதியா விட்டுடலாம். தங்கச்சி மாடியில இருந்து கூப்பிடவே இல்ல, அதுவே எனக்குப் பெரிய சேதி.

அந்த வேலையில இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது. மாடிக்குப் போற ரெண்டாவது கேபிள்ல கம்பியைச் சீவும்போது செம்பு நிறம் போய் உள்ள வெள்ளையா இருந்துச்சு. அலுமினியம், மேல மட்டும் செம்பு பூசினது. மேல கேட் 6னு அச்சடிச்சிருந்தாலும் இந்த மாதிரி கேபிள் அந்தத் தரத்துக்குள்ளயே வராது, தரம் கேட்கிறது முழுச் செம்பு. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், ரெண்டு தடவை வளைச்சா ஒடியும், கேபிள் வழியா கரண்ட் கொடுக்கிற பிஓஇ கேமரா மாட்டினா சூடாகும். பிளேடால சுரண்டிப் பார்க்கிறது ரெண்டு நொடி வேலை, வாங்கும்போதே பார்த்துடுங்க.

இப்போ மூணாவது பழுது. இது கொஞ்சம் சிக்கலானது. மாடியில சில போன்ல மட்டும் நெட் வரும், சிலதுல வராது, அதே போனைக் கீழ கொண்டு வந்தா சரியாயிடும், திரும்ப மேல போனா சில நேரம் வேலை செய்யும் சில நேரம் செய்யாது. என் லேப்டாப்பை எடுத்துட்டு மேல போய் அதுக்குக் கிடைச்ச அட்ரஸைக் காட்டுற ஐபிகான்ஃபிக் கமாண்ட் போட்டேன், அட்ரஸ் 192.168.1.23, கேட்வே 192.168.1.1, எல்லாம் பார்க்க நியாயமா இருக்கு. அப்புறம் எந்த அட்ரஸ் எந்த டிவைஸோடதுன்னு காட்டுற ஏஆர்பி டேபிளைப் பார்த்தேன், 192.168.1.1க்கு எதிர்ல ஒரு மேக் அட்ரஸ், அதாவது டிவைஸுக்கே உரிய அடையாள எண். கீழ வந்து திரும்பப் பார்த்தா அதே 192.168.1.1க்கு எதிர்ல வேற மேக் அட்ரஸ். ஒரே வீட்டு நம்பர்ல ரெண்டு பேர் குடியிருக்காங்க. மாடியில இருந்த பழைய ரவுட்டரை யாரோ துடைக்கும்போது ரீசெட் பட்டன் அழுந்தி ஃபேக்டரி செட்டிங்குக்குப் போயிருக்கு. ஃபேக்டரி செட்டிங்ல அதுவும் தன்னை 192.168.1.1னு நினைச்சுக்கும், அதுவும் டிஹெச்சிபியில எல்லாருக்கும் அட்ரஸ் கொடுக்க ஆரம்பிச்சுடும். போன் "எனக்கு ஒரு அட்ரஸ் வேணும்"னு கூப்பிட்டதும் ரெண்டு பேரும் பதில் சொல்லுவாங்க, பெரும்பாலும் முதல்ல வந்த பதிலைப் போன் எடுத்துக்கும். பழைய ரவுட்டர் கொடுத்த அட்ரஸை எடுத்த போன் அதையே வாசல்னு நம்பி நிக்கும், அந்த வாசலுக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல.

ஒரு நெட்வொர்க்ல அட்ரஸ் கொடுக்கிறவர் ஒருத்தர்தான் இருக்கணும். பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டா மாத்தும்போது மூணு காரியம் சேர்ந்து செய்யணும்: அதோட லேன் அட்ரஸை 192.168.1.2 மாதிரி மாத்தி, அது மெயின் ரவுட்டர் கொடுக்கிற அட்ரஸ் வரம்புக்கு வெளிய இருக்கான்னு பார்த்து, டிஹெச்சிபியை அணைச்சு, கேபிளை அதோட வேன் போர்ட்ல இல்லாம லேன் போர்ட்ல சொருகணும். வேன் போர்ட்ல சொருகினா அது தனக்குன்னு தனி நெட்வொர்க் உண்டாக்கி அதுக்குள்ள இன்னொரு நாட் (NAT, உள் அட்ரஸை வெளி அட்ரஸா மாத்துற வேலை) போட்டுடும், மாடியில இருக்கிற போனுக்குக் கீழ இருக்கிற பிரிண்டர் தெரியாது. இதேதான் ஓஎன்டியும் ரவுட்டர் மோட்ல இருக்கும்போது நடக்குது. உங்க ரவுட்டரோட வேன் அட்ரஸ் 192.168னோ 10னோ ஆரம்பிச்சா மேல இன்னொரு நாட் இருக்குன்னு அர்த்தம். 100.64ல இருந்து 100.127 வரைக்கும் ஆரம்பிச்சா அது லைன் கொடுக்கிறவங்க ஒரே பப்ளிக் அட்ரஸை நிறைய வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது, 2012ல அதுக்குன்னே ஒதுக்கின அட்ரஸ் வரம்பு. அந்த மாதிரி லைன்ல வெளிய இருந்து வீட்டு டிவைஸை அடைய வழி விடுற போர்ட் ஃபார்வர்டிங்கை நீங்க எவ்வளவு சரியா போட்டாலும் வெளிய இருந்து வராது, உங்க ரவுட்டர்ல தேடிப் பிரயோஜனம் இல்ல. ஒரு டிவைஸ் 169.254னு அட்ரஸ் காட்டினா அதுக்கு யாருமே அட்ரஸ் கொடுக்கல, தானே ஒண்ணு வச்சுக்கிச்சு.

இந்த வேலையெல்லாம் முடிச்சு கேபிள்களை ஒழுங்கா கட்டி வைக்கும்போது வீடு முழுக்க நெட் மொத்தமா நின்னுடுச்சு. ஸ்விட்ச்சைப் பார்த்தா எல்லா லைட்டும் ஒரே தாளத்துல படபடன்னு அடிக்குது, ரவுட்டர் செட்டிங் பேஜ்கூட திறக்கல. லேபிள் இல்லாத ஒரு பேட்ச் கார்டோட ரெண்டு முனையையும் அதே ஸ்விட்ச்லயே சொருகியிருந்தேன். கேபிள்ல போற டேட்டா பொட்டலத்துல, அதாவது ஈதர்நெட் ஃப்ரேம்ல, இத்தனை தடவைக்கு மேல சுத்தாதேன்னு சொல்ற எண்ணிக்கை எதுவும் கிடையாது, ஐபி பாக்கெட்ல இருக்கும், இதுல இல்ல. அதனால எல்லாருக்கும் போற பிராட்காஸ்ட் செய்தி ஒண்ணே ஒண்ணு உள்ள வந்தாலும் அது சுத்திக்கிட்டே பெருகிக்கிட்டே போகும், கேபிளை உருவுற வரைக்கும் நிக்காது. இதைத் தடுக்கத்தான் 1985ல ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீங்கிற முறையைக் கண்டுபிடிச்சாங்க, ஸ்விட்ச்கள் தங்களுக்குள்ள பேசி வளையத்துல ஒரு பாதையைத் தானா மூடி வச்சுக்கும். ஆனா அது மேனேஜ்ட் ஸ்விட்ச்ல இருக்கும், வீட்டுல வாங்குற சாதா ஸ்விட்ச்ல பெரும்பாலும் இருக்காது. எல்லா லைட்டும் ஒரே மாதிரி வெறி பிடிச்ச மாதிரி அடிச்சா ஒவ்வொரு கேபிளா உருவுங்க, எதை உருவினதும் அமைதியாகுதோ அதுதான். அன்னைக்கே எல்லா கேபிளுக்கும் ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் ஒட்டிட்டேன்.

வைஃபை பத்தி நிறைய எழுதலாம், நான் மாத்தினது கொஞ்சம்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் 1, 6, 11 மட்டும்தான், கீழ 1, மேல 11 வச்சு, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ்ல நிறுத்தினேன். 40 வச்சா ஸ்பீடு வரும்னு தோணும், பக்கத்து வீட்டு சிக்னல் எல்லாம் சேர்ந்து மோதி இருக்கிறதும் போயிடும். 5 கிகாஹெர்ட்ஸ்ல ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் அந்த வைஃபை பேரே காணாம போயிடும், பழுதோன்னு பயந்துட்டேன், பழுது இல்ல. 52ல இருந்து 144 வரைக்கும் இருக்கிற சேனல்ல பெரும்பாலானது ரேடாருக்கும் பொதுவானது, ரவுட்டர் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி 60 நொடி சும்மா கேட்டுட்டு இருக்கணும்ங்கிறது விதி. அந்தக் காத்திருப்பு வேண்டாம்னா 36ல வச்சுடலாம். ரெண்டு ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிற வீட்டுல பவரை முழுசா ஏத்தி வைக்காதீங்க, எந்த ஆக்சஸ் பாயிண்ட்ல ஒட்டணும்னு முடிவு பண்றது போன்தான், கீழ இருக்கிற சிக்னல் மாடியிலயும் லேசா கிடைச்சுட்டே இருந்தா அது அதையே பிடிச்சுத் தொங்கும். நான் ரெண்டையும் நடுத்தரத்துக்கு இறக்கினேன், படுக்குற இடத்துல சிக்னல் பலம் மைனஸ் 60 டிபிஎம் பக்கம் கிடைக்குது, அது தாராளம்.

நாலாவது பழுதுன்னு சொல்றதைவிட குணம்னு சொல்லலாம். எல்லாம் சரியான பிறகும் பேக்கப் ஓடுற நேரத்துல கால்ல குரல் தடுமாறுச்சு. பேக்கப் இல்லாதப்ப பிங் 12 மில்லி செகண்ட், போட்டோ வெளிய ஏறும்போது 400. ஸ்பீடு குறையல, வரிசைதான் நீளமாயிடுது. ஓஎன்டிக்குள்ளயும் ரவுட்டருக்குள்ளயும் இருக்கிற பஃபர்ல, அதாவது டேட்டா காத்திருக்கிற இடத்துல, அப்லோடு பாக்கெட் எல்லாம் நிரம்பி நிக்குது, அதுக்குப் பின்னாடி கால்ல பேசுற குரலும் காத்திருக்குது. இதுக்கு பஃபர்புளோட்னு பேர். என் ரவுட்டர்ல ஓப்பன்டபிள்யூஆர்டிங்கிற ஃபர்ம்வேர் போட்டிருக்கேன், அதுல வரிசையைக் கட்டுப்படுத்துற எஸ்கியூஎம்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அதைப் போட்டு கேக்ங்கிற முறையைத் தேர்ந்தெடுத்து, அப்லோடு வேகத்தை அளந்து வந்த நம்பர்ல 90 சதவீதத்துக்கு நிறுத்தினேன். வரிசை இப்போ ரவுட்டர் கட்டுப்பாட்டுல இருக்கு, அது யாரையும் பின்னாடி தள்ளாம எல்லாருக்கும் முறை வச்சு விடுது. பேக்கப் முழு வேகத்துல ஓடும்போதும் பிங் 20ஐத் தாண்டல. அம்மா ராத்திரி பெரியம்மாகிட்ட வீடியோ கால் பேசும்போது பேக்கப் ஓடிட்டுதான் இருந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல. ஒண்ணு கவனிங்க, இதுக்கு ரவுட்டர் சிபியு வேலை செய்யணும், வேகமான லைன்ல சின்ன ரவுட்டர் திணறும், போட்டதும் சிபியு எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க.

செக்யூரிட்டி பக்கம் செஞ்சது இதுதான். அட்மின் பாஸ்வேர்டை மாத்தினேன். 2016ல மிராய்னு ஒரு பாட்நெட் (பிடிச்ச டிவைஸ்களைக் கூட்டமா ஆட்டி வைக்கிற வைரஸ்) உலகம் முழுக்க கேமராவையும் ரவுட்டரையும் பிடிச்சதே ஃபேக்டரி பாஸ்வேர்டை முயற்சி பண்ணிப் பார்த்துதான், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வெளிய இருந்து செட்டிங் பேஜைத் திறக்கிற ரிமோட் மேனேஜ்மென்ட் அணைச்சாச்சு. பாஸ்வேர்டுக்குப் பதிலா பின் நம்பர் வச்சு வைஃபையில சேர விடுற டபிள்யூபிஎஸ் அணைச்சாச்சு, அந்த எட்டு இலக்க பின் நம்பரை ரவுட்டர் ரெண்டு பாதியா சரி பார்க்குது, கடைசி இலக்கம் மத்த இலக்கத்துல இருந்து கணக்குப் போட்டு வர்ற வெறும் செக்சம், அதனால பத்து கோடி முயற்சி வேண்டாம், 11,000 முயற்சியே போதும்னு 2011லயே வெளிய வந்துடுச்சு. கேமராவையும் ஸ்மார்ட் பல்பையும் விருந்தாளிகளுக்கான தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தள்ளிட்டேன், அதுங்களுக்கு நம்ம ஹார்ட் டிஸ்க் தெரிய வேண்டிய அவசியம் இல்ல. தங்கச்சி போனுக்கு எப்பவும் ஒரே அட்ரஸ் கிடைக்க மேக் அட்ரஸை வச்சு டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டும் அட்ரஸ் நிக்கலன்னு குழம்பினேன், ஆண்ட்ராய்டு 10க்கும் ஐஓஎஸ் 14க்கும் அப்புறம் போன் உண்மையான மேக் அட்ரஸைக் காட்டாது, வைஃபைக்கு வைஃபை ஒரு பொய் அட்ரஸ் வச்சுக்கும். நம்ம வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைச்சா சரி.

ஃபர்ம்வேர் அப்டேட் போடுறதுக்கு முன்னாடி கான்ஃபிக் ஃபைலை எடுத்து வைக்கிறேன், அதுல வைஃபை பாஸ்வேர்ட் முதற்கொண்டு எல்லாம் இருக்கும், அதனால கண்ட இடத்துல போடுறதில்ல. அப்டேட்டை கேபிள் வழியாதான் போடுவேன், வைஃபையில நடுவுல விட்டா தலைவலி. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அப்டைம், இணைஞ்சிருக்கிற டிவைஸ் லிஸ்ட், போர்ட் எரர் எண்ணிக்கை பார்த்து நோட்டுல தேதியோட எழுதுறேன், அடாப்டரைத் தொட்டுப் பார்க்கிறேன், ரவுட்டரோட காத்து ஓட்டையில சேர்ந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால தட்டி விடுறேன். நோட்டுதான் பெரிய உதவி, போன தடவை 0 இருந்த எரர் இந்தத் தடவை 3,000னா அந்த கேபிள் சாகப் போகுதுன்னு யாரும் கத்துறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடும்.

இன்னைக்கு காலையில பார்த்தேன், அப்டைம் 41 நாள். மிச்சம் இருக்கிறது அந்த அலுமினிய கேபிள் ஒண்ணுதான். புது செம்பு கேபிள் வந்தாச்சு, சுரண்டியும் பார்த்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை பழைய கேபிளோட நுனியில புதுசை இன்சுலேஷன் டேப்பால இறுக்கிக் கட்டி, கீழ இருந்து நான் மெதுவா விட்டுக்கொடுக்க, மேல இருந்து தங்கச்சி இழுப்பா.